ஒரே ஃபங்ஷன், ஆறு பேர் கையில ஆறு காப்பி: கோட் துணுக்குகளை நீங்க எப்படிப் பகிர்றீங்க?

கேள்வி: பாளையங்கோட்டை_பைத்தான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கோங்க.

பாளையங்கோட்டையில ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ்ல வேலை பாக்கேன். மொத்தம் ஆறு பேர். சுத்துவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு மார்க் ஷீட், ஃபீஸ் ரசீது, பிள்ளைங்க அடையாள அட்டை, பெத்தவங்களுக்குப் போற எஸ்எம்எஸ், இதெல்லாம்தான் வேலை. பைத்தான் மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி ப்ராஜெக்ட், ஆனா உள்ள இருக்க சின்னச் சின்ன ஃபங்ஷன் எல்லாம் ஒண்ணுதான்: தேதியை நாள்-மாதம்-வருஷமா மாத்துறது, ரூபாய்க்கு லட்சக் கணக்குல காற்புள்ளி போடுறது, ஃபோன் நம்பர்ல முன்னாடி வர்ற 91-ஐ எடுக்கிறது, இந்த மாதிரி.

இதுக்குன்னு எங்ககிட்ட இருக்கது ஒரு வாட்ஸ்அப் குரூப். யாராவது ஒரு துணுக்கு எழுதினா அதுல போடுவாங்க, வேண்டியவங்க எடுத்து ஒட்டிக்கிடுவாங்க. நாலு வருஷமா அப்படித்தான் ஓடுது.

போன ஜூன்ல ஒரு பள்ளிக்கு அட்டை அடிச்சோம். பெயர் ஒரே வரியில அடங்கணும்னு, குரூப்ல இருந்த ‘பெயரை வெட்டு’ ஃபங்ஷனை எடுத்து ஒட்டினேன். கொடுத்த சரத்துல (ஸ்ட்ரிங்) முதல் 12-ஐ எடுத்துத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான், ஒரே வரி. சோதிச்சுப் பாத்தேன். கவிதா சரியா வந்தது, ராஜேஷ் சரியா வந்தது, சுடலைமுத்து கூட சரியா வந்தது. அச்சுக்கு அனுப்பிட்டேன்.

அட்டை கைக்குப் போன மறுநாள் ஒரு அம்மா பள்ளிக்கே வந்துட்டாங்க. மகள் பெயர் இசக்கியம்மாள். அட்டையில ‘இசக்கியம்மாள’ன்னு இருக்கு, கடைசிப் புள்ளி இல்லை. பக்கத்துல நின்ன பிள்ளை முத்துலட்சுமி, அவ அட்டையில ‘முத்துலட்சும’. ரெண்டுமே திரையில பாத்தா பத்து எழுத்துகூட வராது. இசக்கியம்மாளை விரல் விட்டு எண்ணினா எட்டு, முத்துலட்சுமியை எண்ணினா ஏழு. ஆனா பைத்தானுக்கு ரெண்டுமே 13. பதின்மூணாவதா இருந்த புள்ளியும் கொக்கியும் வெட்டுப்பட்டுப் போச்சு.

அந்தப் பிள்ளைங்க முகம் எனக்கு இன்னும் மறக்கல. சொந்தப் பெயர், அதுவும் முதல்முதலா கழுத்துல மாட்டுற அட்டை.

அன்னைக்கே உக்காந்து சரி பண்ணினேன். குரூப்லயும் புதுசைப் போட்டேன். மூணு மாசம் கழிச்சு இன்னொரு பள்ளியோட ஃபீஸ் ரசீதுல அதே தப்பு. அந்த ப்ராஜெக்ட்ல இருந்தது பழைய காப்பி. அதை ஒட்டினவர் இப்போ எங்ககூட வேலையில இல்லை.

நான் கேக்குறது இதுதான். சின்ன டீம்ல இந்தத் துணுக்குகளை எங்க வைக்கீங்க, எப்படிப் பகிர்றீங்க? ஒருத்தர் சரி பண்ணினா அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர என்ன வழி? பத்து வரிக் கோட்-க்கு ஒரு தனிப் பேக்கேஜ் போடுறது சரிதானா?

இங்க கோட்-ஐ ஒட்டினா பைத்தானோட உள்தள்ளல் எல்லாம் கலைஞ்சு போகுது, அதனால பதில் சொல்றவங்க வார்த்தையிலயே சொன்னாப் போதும்.

---

பதில்: சிங்காநல்லூர்_நூல்கண்டு

வணக்கம்ங்க. படிச்சதும் பதில் எழுதியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா இதே குழியில நாங்களும் விழுந்தோம்.

கோயமுத்தூர்ல நூல் மில்லுகளுக்குச் சம்பளம், வருகைப் பதிவு சாஃப்ட்வேர் பண்றோம்ங்க. ஒன்பது பேர். எங்களுக்குக் கோவிந்தராஜ்னு ஒரு தொழிலாளி ரெண்டு ஆளா ஆயிட்டாரு. பழைய கணக்கு, யூனிகோடு இல்லாத பாமினிங்கிற பழைய எழுத்துருவுல இருந்துச்சு. அதை யூனிகோடா மாத்தின துணுக்கு, ‘கோ’வைக் ககரம், இரட்டைக்கொம்பு, கால்னு மூணு குறியா எழுதி வச்சிருச்சு. புதுசா தட்டச்சு பண்ணின பெயர்ல ககரமும் ஓகாரக் குறியும்னு ரெண்டுதான். யூனிகோடுல ஓகாரக் குறிக்கு 3019-னு தனி எண் இருக்கு. அதையே 3015, 3006-னு ரெண்டு எண்ணா உடைச்சும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒரே கோவிந்தராஜ்தான். ஆனா ஒண்ணோட நீளம் 11, இன்னொண்ணு 12. தேடினாக் கிடைக்கல, அதனால கிளார்க் புதுசா ஒரு ஆளைச் சேர்த்துட்டாரு. சம்பளச் சீட்டு ரெண்டு வந்தப்பதான் தெரிஞ்சுது.

தீர்வு ஒரே வரி. பைத்தான் கூடவே வர்ற யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ்னு இருக்கு, என்எஃப்சி வடிவம் கேட்டா உடைஞ்சு கிடக்கிறதைச் சேர்த்துக் கொடுத்துரும். ஆனா அந்த ஒரு வரியை எங்க டீம்ல மூணு பேர் ஏற்கனவே தனித்தனியா எழுதி வச்சிருந்தாங்க. பாமினி மாத்துற ப்ராஜெக்ட்ல இருந்தவருக்குத்தான் அது தெரியாம இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் துணுக்கை எப்படிப் பகிர்றதுன்னு உக்காந்து யோசிச்சோம்.

உங்க கேள்விக்கு வர்றேன். நீங்க ‘எங்க வைக்கிறது’ன்னு கேட்டிருக்கீங்க. என் அனுபவத்துல எங்க வைக்கிறோம்ங்கிறது ரெண்டாவது. துணுக்கோட கூட என்ன போகுதுங்கிறதுதான் முதல். உங்க குரூப்ல போனது வெறும் ஒரு வரிக் கோட். அது எதுக்காக எழுதினது, எந்தப் பெயரைக் கொடுத்துப் பார்த்தாங்க, எங்க தப்பும்னு எதுவும் கூடப் போகல. எழுதினவர் ஒருவேளை இங்கிலீஷ் பெயருக்காக எழுதியிருப்பாரு, அங்க அது சரியாத்தான் வேலை செஞ்சிருக்கும்.

‘நீளம்’ங்கிற ஒரு வார்த்தையையே எடுத்துக்கோங்க. ‘தமிழ்’னு எழுதினா நமக்கு மூணு எழுத்து. பைத்தானுக்கு அஞ்சு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்புல போய்ப் பார்த்தா 15 பைட், ஏன்னா தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் மூணு பைட். உங்க இசக்கியம்மாள் 8, 13, 39. இதுல எது சரியான நீளம்? வேலையைப் பொறுத்ததுங்க. அட்டையில எழுத்து எண்ணணும்னா 8. மைஎஸ்கியூஎல் டேபிள்ல எழுத்து வைக்கிற வார்சார் நெடுவரிசைக்கு 13, அது பைட்டை எண்ணாது, குறியைத்தான் எண்ணும். எஸ்எம்எஸ்-க்கும் 13-தான். தமிழ்ல அனுப்புற எஸ்எம்எஸ் ஒண்ணுக்கு 70 குறி. அதைத் தாண்டினாப் பல துண்டாகி, ஒவ்வொரு துண்டுலயும் 67-தான் அடங்கும். அங்க எழுத்துக் கணக்குப் போட்டீங்கன்னா பில் எகிறிரும்.

அதனால ‘நீளம்’, ‘வெட்டு’ன்னு பொதுப்பெயர் வச்ச துணுக்கை நாங்க வாங்கறதே இல்லை. ‘அட்டைக்குப் பெயர் வெட்டு’, ‘எஸ்எம்எஸ் துண்டு எண்ணு’ன்னு வேலையைச் சொல்லித்தான் பெயர். ஃபங்ஷனுக்கு மேல நாலு விஷயம் இருக்கணும். உங்க துணுக்கையே எடுத்துச் சொல்றேன்.

எதுக்கு: அட்டையில ஒரே வரியில பெயர் அடங்க.
எதுக்கு இல்லை: எஸ்எம்எஸ், டேட்டாபேஸ் நெடுவரிசை.
கொடுத்தா வரணும்: ‘இசக்கியம்மாள்’, 7 கொடுத்தா ‘இசக்கியம்மா’. ‘கவிதா’, 7 கொடுத்தா ‘கவிதா’. காலிச் சரம் கொடுத்தா காலிச் சரம்.
ஏன் வந்துச்சு: ஜூன் மாச அட்டையில புள்ளி விழுந்து போச்சு.

கடைசி வரியை யாரும் விட்டுராதீங்க. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து ‘இது எதுக்கு இவ்வளவு சுத்தி வளைச்சு, ஒரே வரியில எழுதலாமே’ன்னு மாத்தப் போவாரு. அந்த வரிதான் அவரைத் தடுக்கும்.

மூணாவது விஷயத்தை வெறும் கமெண்டா வைக்காதீங்க. பைத்தான்ல டாக்டெஸ்ட் கூடவே வருது. ஃபங்ஷனோட விளக்கத்துக்குள்ளயே ‘இதைக் கொடுத்தா இது’ன்னு எழுதினா, அதை ஓட்டிப் பார்த்துச் சொல்லும். தனி டெஸ்ட் கோப்பு, தனி டூல் எதுவும் வேண்டாம். துணுக்கை யாராவது ஒட்டினா டெஸ்ட்டும் சேர்ந்தே போயிரும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

வெட்டுற ஃபங்ஷனை நாங்க எழுதியிருக்கிறது இப்படி: முதல்ல என்எஃப்சி-க்கு மாத்து. ஒரு காலி லிஸ்ட் எடு. குறி ஒவ்வொண்ணா பாரு. யூனிகோட்டேட்டா சொல்ற வகை ‘எம்’ எழுத்துல தொடங்குனா அது ஒட்டுக்குறி, புள்ளி, கொக்கி, கொம்பு மாதிரி. அதை லிஸ்ட்ல கடைசியா இருக்கிறதோட ஒட்டு. இல்லைன்னா புதுசா ஒண்ணு சேரு. முடிவுல முதல் இத்தனையை எடுத்து இணை. எட்டு வரி. லிஸ்ட் காலியா இருக்கும்போதே ஒட்டுக்குறி வந்தா உடைஞ்சிரும், அதுக்கு ஒரு ‘இஃப்’ போடணும். யாரோ தப்பா தட்டி, கொம்புல ஆரம்பிச்ச பெயர் ஒண்ணு எங்களுக்கு வந்துதான் இது தெரிஞ்சுது.

இப்ப எங்க வைக்கிறதுங்கிறது. துணுக்குல ரெண்டு சாதி இருக்குங்க. ஒண்ணு, ஒட்டி அப்புறம் மாத்திக்கிறது: புது ஸ்கிரிப்ட்டோட தலைப்பகுதி, ட்ரை-எக்ஸெப்ட் கூடு, லாகிங் அமைப்பு. இதை விஎஸ் கோட் எடிட்டர்ல ஸ்னிப்பெட்டா வச்சுக்கலாம். ப்ராஜெக்ட்ல விஎஸ்கோட் ஃபோல்டருக்குள்ள கோட்-ஸ்னிப்பெட்ஸ் கோப்பு ஒண்ணு போட்டு கிட்-ல (கோட் மாற்றத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கிற டூல்) சேர்த்துட்டா, ப்ராஜெக்டைத் திறக்கிற எல்லாருக்கும் அது கிடைக்கும். இதுல பத்து காப்பி இருந்தாலும் கெடுதல் இல்லை, ஏன்னா ஒட்டின நிமிஷத்துல இருந்து அது அவரவர் கோட்.

ரெண்டாவது சாதி, கூப்பிடுறது. பெயர் வெட்டு, ரூபாய்க் காற்புள்ளி, பெயரை என்எஃப்சி-க்கு மாத்தித் தேடுறது. இதை ஒட்டவே கூடாதுங்க. கிட்-ல ஒரு தனி ரெப்போ (கோட் களஞ்சியம்) போட்டு அதுல வைங்க. எங்காவது பதிப்பிக்கணும்னு அவசியமே இல்லை, பைத்தான் பேக்கேஜை நிறுவுற பிப், நேரா கிட் ரெப்போவுல இருந்தே, நீங்க சொல்ற டேக்-ஐ (பதிப்புக்கு வைக்கிற பெயர்) எடுத்து நிறுவிரும். உங்க ப்ராஜெக்ட் ஒவ்வொண்ணும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்புல ஒரே ஒரு வரி வச்சிருந்தா, நீங்க சரி பண்ணினது எங்க போயிருக்கு, எங்க போகலன்னு அந்த வரியைப் பார்த்தே சொல்லிரலாம். பத்து வரிக்குப் பேக்கேஜான்னு கேட்டீங்க. பத்து வரிக்கு இல்லைங்க, அந்தப் பத்து வரியில நாளைக்கு வரப்போற திருத்தத்துக்கு.

வெளிய இருந்து எடுக்கிறதுக்கு மட்டும் இவ்வளவு தாராளம் வேண்டாம். 2016 மார்ச் மாசம் லெஃப்ட்-பேட்னு 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை எழுதினவரே எடுத்துட்டாரு, உலகம் முழுக்க பில்ட் உடைஞ்சுது. அது செஞ்ச வேலை சரத்துக்கு முன்னாடி இடைவெளி நிரப்புறது, அவ்வளவுதான். அந்த அளவு வேலையை நாமே எழுதி நம்ம ரெப்போவுல வைக்கிறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

அதே மாதிரி, நிறையப் பேர் எடுத்திருக்காங்கங்கிறதை நம்பியும் ஒட்டாதீங்க. பைட் எண்ணிக்கையைக் கேபி, எம்பி-ன்னு காட்டுற ஒரு ஜாவா துணுக்கு 2010-ல ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற கேள்வி-பதில் தளத்துல வந்துச்சு. அந்தத் தளத்துல இருந்து அதிகமா காப்பியான ஜாவா துணுக்கு அதுதான்னு ஒரு ஆய்வுல தெரிஞ்சுது. அப்புறம் 2019-ல எழுதினவரே திரும்பப் பார்த்து, தப்பு இருக்குன்னு வெளிப்படையா எழுதினாரு. 9,99,999 பைட் கொடுத்தா 1 எம்பின்னு வராம 1000.0 கேபின்னு வருது. அவர் தன் பதிலைத் திருத்திட்டாரு. ஆனா ஒட்டினவங்க கோட்-க்கு அந்தத் திருத்தம் எப்படிங்க போகும்? உங்க ஃபீஸ் ரசீது கதையேதான். அதனால வெளிய இருந்து எடுத்தா, எடுத்த பக்கத்தோட சுட்டியைக் கமெண்ட்ல வைங்க. அங்க இருக்கிற கோட்-க்கு சிசி பிஒய்-எஸ்ஏ உரிமம், எழுதினவரைச் சொல்லணும்ங்கிறது அதுல நிபந்தனை. அதோட, திரும்பப் போய்ப் பார்க்கவும் ஒரு வழி இருக்கும்.

இன்னொண்ணு, குரூப்ல இருக்கிற பழைய துணுக்கை எல்லாம் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. எங்க குரூப்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்டோட ஒண்ணு கிடந்துச்சு. துணுக்கு பகிர்ற கிட்ஹப் கிஸ்ட்ல ‘சீக்ரெட்’னு போட்டாலும் அது பூட்டினது இல்லை, சுட்டி கையில இருக்கிற யாரும் பார்க்கலாம்.

---

பதில்: அம்பத்தூர்_டெஸ்டர்

தோழி, நான் பதினொரு வருஷமா டெஸ்டிங்ல இருக்கேன். உங்க பதிவுல எனக்கு உறுத்தினது ஒரு இடம்தான்: கவிதா, ராஜேஷ், சுடலைமுத்துன்னு மூணு பெயர் கொடுத்துப் பார்த்தேன்னு சொன்னீங்களே, அது. மூணும் 12-க்குள்ள அடங்கிற பெயர். வெட்டுற ஃபங்ஷனுக்கு வெட்டுப்படாத பெயரைக் கொடுத்தா அது என்ன சொல்லும்?

துணுக்குக் கோப்புக்குப் பக்கத்துலயே ஒரு பெயர்ப் பட்டியல் கோப்பு வைங்க. புது ஃபங்ஷன் எழுதினா பட்டியல் முழுக்க ஓடணும். அண்ணா சொன்ன எட்டு வரியை என் பட்டியல்ல ஓட்டிப் பார்த்ததுல மாட்டினதைச் சொல்றேன்.

லக்ஷ்மி. க்ஷ-வை நாம ஒரே எழுத்தாத்தான் பார்க்கிறோம். கணினிக்கு அது க், ஷ-ன்னு ரெண்டு. இந்த ஃபங்ஷன்ல 2 கொடுத்தா ‘லக்’ வருது. ஸ்ரீதர்ல 1 கொடுத்தா வெறும் ‘ஸ்’. யூனிகோட் விதிப்படியே தமிழுக்கு இதைப் பிரிச்சுத்தான் எண்ணுவாங்க, அதனால ரெடிமேட் லைப்ரரி பலதும் இதையேதான் செய்யும். க்ஷ-வுக்கும் ஸ்ரீ-க்கும் தனியா ஒரு நிபந்தனை எழுதியே ஆகணும். தமிழ் எழுத்தைப் பிரிக்கிறதுக்குன்னே இருக்கிற ஓபன்-தமிழ் லைப்ரரியோட கெட்-லெட்டர்ஸ் ஃபங்ஷனையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

கௌரி. சிலர் ஔகாரக் குறி போடாம, ஒற்றைக்கொம்பு போட்டு ளகரத்தை அடிச்சுடறாங்க: கெளரி. பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும், என்எஃப்சி இதைச் சரி பண்ணாது. ஏன்னா அது எழுத்துப் பிழை, குறியீட்டு வேறுபாடு இல்லை. உங்க பள்ளித் தரவுல நிச்சயம் இருக்கும், தேடிப் பாருங்க.

கண்ணுக்குத் தெரியாத குறி. பழைய கோப்புல இருந்தும் சில விசைப்பலகையில இருந்தும் 8203, 8204-ங்கிற எண்கள்ல வெறுமையான குறி வரும். ரெண்டு ஓரத்து இடைவெளியை எடுக்கிற ஸ்ட்ரிப் பண்ணினா போயிடும்னு நினைச்சேன், போகலை, பைத்தான் அதை இடைவெளியா எண்ணுறதில்லை. மேல சொன்ன ஃபங்ஷன்ல அது ஒரு எழுத்துன்னு எண்ணப்பட்டு, பெயர்ல ஒரு எழுத்தைத் தின்னுடும்.

அப்புறம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது வடிவம் சொல்லித் தேடுறது. உங்க குரூப்ல ‘சொல்லைப் பிரி’ன்னு ஒரு துணுக்கு இருந்தா இன்னைக்கே பாருங்க. பைத்தானோட ஆர்இ மாட்யூல்ல சொல்லோட எழுத்தைப் பிடிக்கிற பேக்ஸ்லாஷ் டபிள்யூ, ஒட்டுக்குறியை எழுத்தா எடுத்துக்காது. ‘தமிழ்’னு கொடுத்தா ‘தம’, ‘ழ’ன்னு ரெண்டு சொல் திருப்பித் தரும். இங்கிலீஷ்ல நூறு தடவை சோதிச்சாலும் இது தெரியவே தெரியாது.

உங்க ரெண்டு பிள்ளைங்க பெயரையும் என் பட்டியல்லயும் சேர்த்துட்டேன்.

---

பதில்: சிவகாசி_அச்சு

அட்டை அடிக்கிற பக்கத்துல இருந்து சொல்றேன். பெயரை வெட்டவே வெட்டாதீங்க. எத்தனை எழுத்துன்னு எண்ணுறதே இங்க தப்பு. ‘ணை’ எடுத்துக்கிற இடமும் ‘ர’ எடுத்துக்கிற இடமும் ஒண்ணா? எட்டு எழுத்துப் பெயர் அடங்கும், ஏழு எழுத்துப் பெயர் வெளிய நிக்கும்.

அட்டை 85.6-க்கு 54 மில்லிமீட்டர். படத்துக்கும் ஓரத்துக்கும் போக உங்களுக்கு மிஞ்சுற அகலம் எவ்வளவுன்னு அளங்க. பெயரை அந்த எழுத்துருவுல வச்சு எத்தனை அகலம் வருதுன்னு கேளுங்க. பைத்தான்ல படம் வரையிற பில்லோ லைப்ரரியில அதுக்கு ஃபங்ஷன் இருக்கு. அடங்கலைன்னா 11 பாயின்ட்ல இருந்து அரை அரைப் பாயின்ட்டா 8 வரைக்கும் இறக்குங்க. அதுலயும் அடங்கலைன்னா ரெண்டு வரி. ஒரு பிள்ளைக்கு எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கும், பெயர் முழுசா இருக்கும்.

பில்லோவுல ராக்ம் (எழுத்தைச் சரியா அடுக்கிக் கொடுக்கிற லைப்ரரி) இருக்கான்னு முதல்ல பாத்துக்கோங்க. அது இல்லாம தமிழ் வரைஞ்சா கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும். அளவும் தப்பா வரும்.

---

பதில்: மாட்டுத்தாவணி_நிரலர்

பொது ரெப்போ யோசனைக்கு ஒரு எச்சரிக்கை. எங்க ஆபீஸ்லயும் ‘யூட்டில்ஸ்’னு ஒரு கோப்பு ஆரம்பிச்சோம். கேக்க ஆள் இல்லை. ரெண்டு வருஷத்துல நாலாயிரம் வரி ஆச்சு, தேதி மாத்துறதுக்கு மட்டும் ஏழு ஃபங்ஷன், எதை எடுக்கிறதுன்னு யாருக்கும் தெரியாது. கடைசியில திரும்ப எல்லாரும் சொந்தமா எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

ஒருத்தர் பெயரைப் போட்டுப் பொறுப்புக் கொடுங்க. புதுசா ஒண்ணு சேரணும்னா அவர் படிச்சுப் பாக்கணும். ரெண்டாவது ப்ராஜெக்ட்ல உண்மையாவே தேவைப்பட்டாத்தான் உள்ள வரணும், ‘பின்னாடி உதவும்’னு எதையும் சேர்க்க வேண்டாம். உங்க டீம்ல அந்த ஆள் நீங்களா இருந்தா நல்லா இருக்கும்னு படுது.

---

கேள்வி கேட்டவர்: பாளையங்கோட்டை_பைத்தான்

மூணு வாரம் கழிச்சு எழுதுதேன். எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தையில முடிக்க மனசு வரல.

முதல்ல எல்லா ப்ராஜெக்ட்லயும் தேடினேன். பெயர் வெட்டுற ஃபங்ஷன் ஒன்பது இடத்துல இருந்தது. சிலது 12, சிலது 15, ஒண்ணுல வெட்டின பிறகு மூணு புள்ளி வேற. சிவகாசி அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு அட்டையில இருந்து வெட்டுறதையே எடுத்துட்டேன். அகலம் அளந்து எழுத்தைச் சின்னதாக்குற ஃபங்ஷன்தான் இப்போ. ராக்ம் எங்க சர்வர்ல இல்லைதான், என் லேப்டாப்ல இருந்தது. அதையும் ‘எங்க தப்பும்’னு குறிப்புல எழுதிட்டேன். ரசீதுல ஒரே ஒரு இடத்துல மட்டும் வெட்ட வேண்டியிருக்கு, அங்க க்ஷ, ஸ்ரீ நிபந்தனையோட எழுதினது ஓடுது.

ரெப்போ போட்டாச்சு. இப்போதைக்கு ஏழு ஃபங்ஷன்தான் உள்ள இருக்கு. பொறுப்பு எனக்கே. பெயர்ப் பட்டியல்ல 31 பெயர், முதல் பெயர் இசக்கியம்மாள். கெளரி எங்க தரவுல நாலு பேர் இருந்தாங்க, அக்கா சொன்னது அப்படியே. நானா திருத்தல, பள்ளிக்குப் பட்டியல் அனுப்பிக் கேட்டிருக்கேன், அது அவங்க பெயர்.

சிங்காநல்லூர் அண்ணா சொன்ன ‘எதுக்கு இல்லை’ வரி போன வாரமே வேலை செஞ்சது. எங்ககிட்ட புதுசா சேர்ந்த தம்பி, நான் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, நீளம் எண்ணுற இடத்துல எல்லாம் எழுத்து எண்ணுற ஃபங்ஷனைப் போட ஆரம்பிச்சுட்டான். எஸ்எம்எஸ் பக்கம் வந்து ஃபங்ஷனைத் திறந்தவன் மேல இருந்த குறிப்பைப் படிச்சுட்டு என்கிட்ட வந்தான்: “அக்கா, எஸ்எம்எஸ்-க்கு இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அங்க ஏன் வேற கணக்கு?” உக்காந்து ரெண்டு பேரும் எண்ணினோம். எங்க ஃபீஸ் நினைவூட்டல் செய்தி பிள்ளை பெயர் சேராம 68, அதுல முத்துலட்சுமின்னு சேத்தா 81. ரெண்டு துண்டு. அவன் எழுத்துக் கணக்குல அது அறுபதுக்குள்ள, ஒரே துண்டுன்னு காட்டியிருக்கும். ஒரு தவணைக்கு ஆயிரத்துக்கு மேல செய்தி அனுப்புதோம்.

அன்னைக்கு அவன் எழுதின துணுக்கோட குறிப்பை அப்படியே இங்க போடுதேன், அவன்கிட்ட கேட்டுட்டுத்தான்.

எதுக்கு: தமிழ் எஸ்எம்எஸ் எத்தனை துண்டுன்னு அனுப்புறதுக்கு முன்னாடி தெரிய.
எதுக்கு இல்லை: அட்டை, ரசீது.
கொடுத்தா வரணும்: 70 குறி கொடுத்தா 1. 71 கொடுத்தா 2. 134 கொடுத்தா 2. 135 கொடுத்தா 3.
எங்க தப்பும்: எமோஜி ஒண்ணு ரெண்டாக் கணக்கு, பைத்தான் நீளம் அதை ஒண்ணுன்னு சொல்லும்.
ஏன் வந்துச்சு: நான் மாத்தப் போனேன், குறிப்பைப் பாத்து நிறுத்தினேன்.

ரெண்டு பிள்ளைங்களுக்கும் புது அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இசக்கியம்மாளுக்கு ஒன்பதரைப் பாயின்ட்ல முழுப் பெயரும் அடங்கிருச்சு. வாங்கினதும் கடைசி எழுத்தை விரலால தொட்டுப் பாத்தா.